எண்ணியவர் யார், எதை எண்ணினார்? புள்ளிவிபரங்களையும் வரைபுகளையும் ஆராய்ந்து வாசித்தல்

அரசாங்கக் காரியாலயங்களின் சுவர்களிலும், வங்கிகள் வெளியிடும் சிற்றேடுகளிலும், பத்திரிகைகளின் வணிகப் பக்கங்களிலும், இக்காலத்தில் கைத்தொலைபேசியின் சிறு திரையிலும் ஓயாமல் நம் கண்ணிற் படுகின்ற வரைபுகளை எவ்விதம் வாசிப்பது என்று கற்பிக்கப் புகுந்த நூல்களுள் பெரும்பாலானவை, அச்சைப் பூச்சியத்திலிருந்து தொடங்காமல் நடுவிலே வெட்டிவிடும் தந்திரம், தட்டையாகக் காட்டவேண்டியதைக் கனம் உள்ளதுபோற் காட்டி மயக்கும் தந்திரம், வேண்டிய பகுதிக்கு மட்டும் சிவப்பு நிறம் பூசும் தந்திரம் என்று சித்திரத்தின் குற்றங்களையே முதலில் எடுத்துக்கொள்கின்றன. அவை குற்றங்கள் என்பதில் ஐயமில்லை. ஆயினும் அவற்றைக் கண்டுபிடிக்கப் பள்ளிக்கூடப் பிள்ளைக்கும் அரைநாட் பயிற்சி போதும். வரைபு வரையப்படுவதற்கு வெகு முன்னே, ஒருவர் ஓரிடத்தில் நின்று ஏதோ ஒன்றை எண்ணத் தொடங்குகிற கணத்திலே புகுந்துவிடும் வழுக்களோ எளிதிற் புலப்படுவதில்லை. எவருக்கும் நம்மை ஏமாற்றும் எண்ணம் இல்லாதபோதும் அவை நம்மை ஏமாற்ற வல்லவை. ஆதலின் இந்த அத்தியாயத்திற் சித்திரத்துக்குச் சிறிது இடமும், எண் பிறக்கும் இடத்துக்கு மிகுந்த இடமும் கொடுக்கப்படுகிறது.

உதாரணங்களைக் கூடியமட்டில் கந்தளாயிலிருந்தும் அதனைச் சூழ்ந்த திருகோணமலை மாவட்டத்திலிருந்தும் எடுத்திருக்கிறேன். ஒரு பெருங்குளத்தின் கீழே வயல் செய்து வாழ்கின்ற ஜனங்களுக்கு எண்களோடு உள்ள சம்பந்தம் நகரவாசிகளுக்கு உள்ளதைக் காட்டிலும் நெருக்கமானது. சொல்லப்படும் எண்ணைத் தம் வயலிலும் வாய்க்காலிலும் இறங்கிப் பரிசீலித்துப் பார்க்கும் வசதியும் அவர்களுக்கு உண்டு.

ஓர் இரவின் கணக்கு

1986 ஏப்பிரல் 20ஆம் திகதி, ஊர் உறங்கிக்கொண்டிருந்த பின்னிரவில், கந்தளாய்க் குளத்துக் கட்டு உடைந்து, கீழே இருந்த குடியிருப்புகளின்மேல் வெள்ளம் பாய்ந்தது. அதில் இறந்தோர் தொகை ஏறத்தாழ 120 என்று ஒரு குறிப்பும், 180 வரை என்று மற்றொரு குறிப்பும் கூறுகின்றன. வீடுகள் 1,600க்கு மேல் அழிந்தன என்றும், வயல் 2,000 ஏக்கர் பாழாயிற்று என்றும், 2,000 குடும்பங்களுக்கு மேல் பாதிக்கப்பட்டன என்றும் சொல்லப்படுகிறது.

இரண்டு தொகைகளுக்கும் இடையே ஒன்றரை மடங்கு பேதம் இருப்பதைக் கண்டவுடன் இவற்றுள் ஒன்று பொய் என்று தீர்ப்புச் சொல்லிவிடுவது அவசர புத்தி. வெள்ளத்தில் இறந்தவர்களை எண்ணுவது எவ்வாறு என்று முதலில் யோசிக்கவேண்டும். கண்டெடுத்த சடலங்களை எண்ணுவது ஒரு கணக்கு. காணாமற் போனோரையும் சேர்த்து எண்ணுவது வேறொரு கணக்கு. முதல் மூன்று நாளில் எடுத்த தொகையும் மூன்று மாதம் கழித்து எடுத்த தொகையும் ஒன்றாக இருக்க நியாயமில்லை. வாக்காளர் இடாப்பில் பெயர் உள்ளவரை வைத்து எண்ணினால், அன்றிரவு உறவினர் வீட்டில் விருந்தாளியாகத் தங்கி இறந்தவர் கணக்கிலிருந்து தப்பிவிடுவார். இவையனைத்தும் நேர்மையான மனிதர் நேர்மையாகச் செய்யக்கூடிய வெவ்வேறு எண்ணுதல்களே. அன்றியும், 2,000 ஏக்கர், 2,000 குடும்பங்கள் என்று பூச்சியங்களில் முடிகின்ற எண்கள் தம்மைத் தாமே மதிப்பீடுகள் என்று அறிவித்துக்கொள்கின்றன. அவற்றைத் துல்லியமாக எண்ணி எடுத்தவைபோல் நடத்துவது நம்முடைய பிழையாகும்.

இனி, இந்தத் தொகையை ஒருவர் சலாகை வரைபாக வரைகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் 120ஐத் தெரிந்தெடுத்தால் அந்த உயரத்துக்கு ஒரு சலாகை, 180ஐத் தெரிந்தெடுத்தால் அதற்கேற்ற உயரத்துக்கு வேறொரு சலாகை. மூலத்தில் இருந்த ‘ஏறத்தாழ’ என்ற சொல்லும் ‘வரை’ என்ற சொல்லும் சலாகையில் ஏற இடமில்லாமல் உதிர்ந்துபோகின்றன. சலாகையின் உச்சியிலே 120 முதல் 180 வரை நீண்ட ஒரு சிறு கோட்டை வரைந்து தம் ஐயத்தைக் காட்டுவது விஞ்ஞானிகளின் வழக்கம். பத்திரிகைகளில் அது அரிது. அத்தகைய கோடு இல்லாத வரைபைக் காணும்போதெல்லாம், அதை மனத்தினாலாவது வரைந்துகொள்ளப் பழகுக.

அடியும் ஏக்கர்-அடியும்

கந்தளாய்க் குளத்தைக் குளக்கோட்டன் கட்டுவித்தான் என்பது தமிழ் மரபு. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட இரண்டாம் அக்கபோதியின் பணி என்பது சிங்கள மரபில் நிலவும் கொள்கை. அந்த விவாதத்தில் நாம் புகவேண்டியதில்லை. அக்குளத்தில் இன்று எவ்வளவு நீர் நிற்கிறது என்ற சாமானியமான கேள்விக்கே இரண்டு விடைகள் உண்டு என்பதுதான் இங்கே கவனிக்கவேண்டியது. கமக்காரர் அளவுகோலைப் பார்த்து அடிக்கணக்கிற் சொல்வார். நீர்ப்பாசனத் திணைக்களத்துப் பொறியியலாளர் ஏக்கர்-அடிக் கணக்கிற் சொல்வார். ஓர் ஏக்கர் நிலத்தில் ஓரடி உயரத்துக்கு நிற்கக்கூடிய நீரே ஓர் ஏக்கர்-அடி.

குளத்தின் அடித்தளம் பெட்டியின் அடிபோலச் சமமாக இராமல், கட்டின் ஓரத்தில் ஆழ்ந்தும் அலைகரையை நோக்கிச் சரிந்து உயர்ந்தும் இருப்பதால், உயரத்தில் அரைவாசி நிற்கிறதென்றால் நீரில் அரைவாசி நிற்கிறதென்று கொள்ளமுடியாது. குளத்தின் வடிவத்தைப் பொறுத்து அது கால்வாசியாகவும் இருக்கலாம், அதற்கும் குறைவாகவும் இருக்கலாம். மேல்மட்டத்து ஓரடியில் அடங்கும் நீர், அகன்று விரிந்த பரப்பின் மீது நிற்பதாகையால், கீழ்மட்டத்து ஓரடியில் அடங்குவதைவிடப் பன்மடங்கு மிகுதி. அதற்கும் மேலாக, துருசின் அடிமட்டத்துக்குக் கீழே கிடக்கும் நீர் கண்ணுக்குத் தெரிந்தாலும் வயலுக்கு வந்து சேராது. ஆகவே அடிக்கணக்கில் வரைந்த கோடு மாதந்தோறும் சீராக இறங்குவதாகத் தோன்றும் காலத்திலேயே, ஏக்கர்-அடிக் கணக்கில் வரைந்த கோடு தொடக்கத்திற் சடுதியாக வீழ்ந்து பின்னர் தணிவாக இறங்குவதைக் காணலாம். இரண்டும் மெய்யான வரைபுகளே. விதைக்கும் பரப்பை நிர்ணயிக்கும் கூட்டத்துக்கு வேண்டியது இரண்டாவது. கட்டுக்கு ஆபத்து உண்டா, வான்கதவைத் திறக்கவேண்டுமா என்று பார்ப்பவருக்கு வேண்டியது முதலாவது. வரைபின் நிலைக்குத்து அச்சிலே எந்த அலகு எழுதப்பட்டிருக்கிறது என்பதை வாசிக்குமுன் கோட்டின் போக்கைப் பார்க்கலாகாது என்று நான் வற்புறுத்துவதன் காரணம் இதுவே.

விளைச்சலைச் சொல்லும்போதும் இதே சங்கடம் வேறு உருவில் எழுகிறது. நம்மவர் ஏக்கருக்கு எத்தனை புசல் என்று பேசுவர். திணைக்களத்து வெளியீடுகள் ஹெக்டயருக்கு எத்தனை கிலோ என்று எழுதும். நெற்புசல் ஒன்று 46 இறாத்தல், அதாவது 21 கிலோவுக்குச் சற்றுக் குறைவு என்றும், ஹெக்டயர் ஒன்று ஏறத்தாழ இரண்டரை ஏக்கர் என்றும் நினைவில் வைத்துக்கொண்டால், ஏக்கருக்கு 100 புசல் என்பது ஹெக்டயருக்கு ஏறத்தாழ 5,150 கிலோ என்று பெறப்படும். இந்த மாற்றம் வெறும் பெருக்கல். பெருக்கலால் தீராத பேதம் ஒன்று இருக்கிறது. தொகைமதிப்பு புள்ளிவிபரவியல் திணைக்களம் விதைத்த பரப்பு, அறுவடை செய்த மொத்தப் பரப்பு, அறுவடை செய்த நிகரப் பரப்பு என்று மூன்றைத் தனித்தனியே வெளியிடுகிறது. வரம்புகள் அடைத்துக்கொண்ட நிலத்தைக் கழித்தபின் எஞ்சுவதே நிகரப் பரப்பு. அதன்மேற் கணக்கிட்ட சராசரி விளைச்சலை, தம் உறுதிப்பத்திரத்தில் உள்ள ஏக்கரால் வகுத்துக் கண்ட விளைச்சலோடு ஒரு கமக்காரர் ஒப்பிடுவாரானால், தம்முடைய வயல் மாவட்டத்தின் சராசரிக்குத் தாழ்ந்தது என்று காரணமின்றி மனம் நோவார். அவருடைய வகுத்தலில் வரம்பும் வயலாக நின்றது. திணைக்களத்தின் வகுத்தலில் நிற்கவில்லை.

தொடங்கும் ஆண்டு

எந்த ஆண்டிலிருந்து கணக்கைத் தொடங்குவது என்ற தெரிவிலேதான், என் அபிப்பிராயத்தில், மிகப் பெரிய பட்சபாதங்கள் ஒளிந்திருக்கின்றன. இலங்கை முழுமைக்குமான நெல் உற்பத்தி 2015இல் 48.2 இலட்சம் மெற்றிக் தொன், 2016இல் 44.2 இலட்சம், கடும் வறட்சிக்குப் பின்னே வந்த 2017இல் 23.8 இலட்சம், 2018இல் 39.3 இலட்சம், 2019இல் 45.9 இலட்சம், 2020இல் 51.2 இலட்சம், 2021இல் 51.5 இலட்சம், 2022இல் 33.9 இலட்சம். இந்த எட்டு எண்களைக் கொண்டு எத்தனை வெவ்வேறு கதைகளைச் சொல்லலாம் என்று பாருங்கள்.

2017இலிருந்து தொடங்கி 2020 வரை வரைபவர், மூன்றே ஆண்டில் உற்பத்தி இரண்டு மடங்குக்கு மேல் பெருகிற்று என்று முழங்கலாம், அது பொய்யன்று. 2015இலிருந்து தொடங்கி அதே 2020 வரை வரைபவர், ஐந்தாண்டில் ஆறு சதவீதமே உயர்ந்தது என்று முணுமுணுக்கலாம், அதுவும் பொய்யன்று. அந்த ஆறு சதவீதத்தையே மலைபோற் காட்ட விரும்புகிறவர், சலாகைகளின் அடியை 47 இலட்சத்தில் வெட்டிவிட்டால், 48.2க்குரிய சலாகை 1.2 அளவும் 51.2க்குரிய சலாகை 4.2 அளவும் உயர்ந்து நிற்க, கண்ணுக்கு மூன்றரை மடங்காக வளர்ந்ததுபோல் தோன்றும். அச்சை வெட்டும் தந்திரம் என்று நூல்கள் பெரிதாகச் சொல்வது இதுதான். இங்கே ஒரு விலக்கையும் சொல்லிவிட வேண்டும்: சலாகையின் நீளமே அளவைக் குறிப்பதாகையால் சலாகை வரைபுக்குப் பூச்சியம் இன்றியமையாதது, கோட்டு வரைபுக்கு அப்படியன்று. குளத்தின் நீர்மட்டத்தையோ காற்றின் வெப்பத்தையோ கோட்டு வரைபாக வரைபவர் பூச்சியத்திலிருந்து தொடங்கினால், தெரியவேண்டிய மாற்றமே தெரியாமற் போய்விடும். வெட்டிய அச்சைக் கண்ட மாத்திரத்தில் ‘மோசடி’ என்று கூவுவதும் ஒருவகை அறியாமையே.

சதவீதங்களின் ஏற்ற இறக்கம் இன்னொரு சூட்சுமம். 2016இலிருந்து 2017க்கு உற்பத்தி 46 சதவீதம் வீழ்ந்தது. 2017இலிருந்து 2018க்கு 65 சதவீதம் உயர்ந்தது. இவ்விரண்டையும் மாத்திரம் ஒரு தலைப்பில் வாசிப்பவர், இழந்ததைவிட மிகுதியாகப் பெற்றுவிட்டோம் என்று நினைப்பார். தொன்களைப் பாருங்கள்: 44.2இலிருந்து 23.8க்கு விழுந்து 39.3க்கே எழும்பியிருக்கிறோம், ஐந்து இலட்சம் தொன் இன்னும் குறைவு. வீழ்ச்சி பெரிய எண்ணின்மேற் கணக்கிடப்பட்டது, எழுச்சி சிறிய எண்ணின்மேற் கணக்கிடப்பட்டது. சதவீதம் ஒன்றைக் கண்டால், ‘எதன்மேல்?’ என்று உடனே கேட்பதை அனிச்சைப் பழக்கமாக்கிக்கொள்க. மேலும், 2017இன் வீழ்ச்சிக்கு முதன்மையான காரணம் நீரின்றி விதைத்த பரப்பே வெகுவாகச் சுருங்கியது. ஏக்கர் விளைச்சலை மட்டும் வரைந்திருந்தால் அந்த வறட்சி அவ்வளவு கொடியதாகத் தோன்றியிராது. வயலே விதைக்காதவரின் துன்பம் விளைச்சலின் சராசரியில் ஏறுவதில்லை.

இந்த எட்டு எண்களுள் மிக நுணுகி நோக்கவேண்டியது 2021க்குரியது. இரசாயன உரத்தின் இறக்குமதி அவ்வாண்டு மே மாதத்தில் தடைசெய்யப்பட்டது. எதிர்ப்புகள் வலுத்தபின் நவம்பரில் தளர்த்தப்பட்டது. வரைபைப் பார்ப்பவருக்கோ தடை வந்த ஆண்டே எட்டு ஆண்டுகளிலும் மிகுந்த விளைச்சல் தந்த ஆண்டாகத் தெரிகிறது. இதைக் காட்டி, உரமின்றியே பொன் விளைந்தது என்று வாதாட ஒருவர் துணிந்தால், கையில் கணக்கை வைத்துக்கொண்டே அவர் நம்மைத் தடுமாற வைக்கக்கூடும். விடை கந்தளாயில் வயல் செய்பவர் எவருக்கும் தெரிந்ததே: ஒக்டோபர், நவம்பரில் விதைக்கும் பெரும்போகம் மறு ஆண்டு பெப்ரவரி, மார்ச்சிலே அறுவடையாகி, அறுவடையான ஆண்டின் கணக்கிற் சேருகிறது. 2021இன் தொகையிற் பெரும்பங்கு, தடைக்கு முன்னே உரமிட்டு விளைந்த 2020/21 பெரும்போகத்தினுடையது; சிறுபோகத்து விதைப்பு நடந்துகொண்டிருந்த வேளையிலேதான் தடை வந்தது. உரம் கிடையாமல் வாடிய 2021/22 பெரும்போகம் 2022இன் கணக்கில் ஏறியது. அங்கேதான் 34 சதவீத வீழ்ச்சி தோன்றுகிறது. எனினும் அந்த வீழ்ச்சி முழுவதையும் தடையின் தலையிலேயே சுமத்துவதும் முறையாகாது. 2022 சிறுபோகத்திலே எரிபொருட் பஞ்சமும் உரத்தின் விலையும் சேர்ந்து நின்றன. காலக் கோட்டில் எந்தச் சம்பவம் எந்தத் தொகைக்கு முன்னே நிற்கிறது என்பதைப் பஞ்சாங்கத்தோடு ஒத்துப் பாராமல் காரணகாரியம் பேசலாகாது.

விலை இறங்காமலே வீக்கம் இறங்குவது

2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதத்தை எட்டியது. மறு ஆண்டு செப்டெம்பரில் அது 1.3 சதவீதத்துக்கு இறங்கியது. அந்தக் கோட்டு வரைபு மலையுச்சியிலிருந்து பள்ளத்தாக்குக்கு இறங்கும் பாதைபோல இருக்கும். சந்தையிலே அரிசியும் பருப்பும் வாங்கிய இல்லத்தரசிக்கு இது பரிகாசமாகப் பட்டதில் வியப்பில்லை. அந்த வரைபு காட்டியது விலையை அன்று, விலை ஏறும் வேகத்தை. 2021 செப்டெம்பரில் 100 ரூபாவுக்கு வாங்கியது 2022 செப்டெம்பரில் ஏறத்தாழ 170 ரூபா. 2023 செப்டெம்பரில் ஏறத்தாழ 172 ரூபா. வேகம் தணிந்தது, விலை உச்சியிலேயே நின்றது. வேகத்தின் வரைபையும் அளவின் வரைபையும் வேறுபடுத்தி அறிபவருக்கு, ‘வளர்ச்சி வீதம் குறைந்தது’, ‘தொற்றின் வேகம் தணிந்தது’ என்பன போன்ற வாக்கியங்கள் அனைத்தும் ஒரே திறவுகோலால் திறக்கும்.

இன்னொன்றும் இங்கே கேட்கத் தகும். கொழும்பு நகரப்புறத்துக் குடும்பங்கள் வாங்கும் பண்டங்களை வைத்து அமைத்த சுட்டெண் கந்தளாயின் வயலோரக் குடும்பத்துக்கு எவ்வளவு பொருந்தும்? நாடு முழுமைக்குமான தேசிய நுகர்வோர் விலைச் சுட்டெண் அதே 2022 செப்டெம்பரில் 73.7 சதவீதத்தைக் காட்டியது. பத்திரிகைத் தலைப்பில் ஏறுவது பெரும்பாலும் கொழும்பின் எண், அது முதலில் வெளிவந்துவிடுவதால்.

புள்ளியும் கோடும்

நம் தருக்க சாஸ்திரத்தில் பிரத்தியட்சம், அநுமானம் என்று பிரமாணங்களைப் பகுத்துப் பேசுவது சம்பிரதாயம். கோட்டு வரைபு ஒவ்வொன்றிலும் இவ்விரண்டும் கலந்து கிடக்கின்றன. எண்ணி எடுத்த புள்ளிகள் பிரத்தியட்சம். புள்ளிகளை இணைக்கும் கோடு அநுமானம். புள்ளிகள் நெருங்கி நிற்கும்போது அநுமானத்துக்கு வேலை குறைவு. அவை விலகி நிற்கும்போதோ கோடு முழுவதும் கற்பனையாகிவிடுகிறது.

இலங்கையிற் குடிசன மதிப்பு 1871இல் தொடங்கிற்று. 1981க்குப் பின் 1991இல் நடைபெறவேண்டியது யுத்தத்தினால் நடைபெறவில்லை. 2001இல் 25 மாவட்டங்களுள் 18இல் மட்டுமே முழுமையாக நடந்தது. திருகோணமலை அரைகுறையாக எண்ணப்பட்ட மாவட்டங்களுள் ஒன்று. 2012இலேதான் மீண்டும் முழுக் கணக்கு எடுக்கப்பட்டது. ஆகவே திருகோணமலை மாவட்டத்தின் ஜனத்தொகையை வரைபவரிடம் 1981இல் ஏறத்தாழ 2,56,000 என்ற ஒரு புள்ளியும், 2012இல் ஏறத்தாழ 3,79,000 என்ற மற்றொரு புள்ளியும் இருக்க, நடுவே முப்பத்தோராண்டு வெறுமையாக இருக்கிறது. இரண்டையும் நேர்கோட்டால் இணைத்தால், ஆண்டுக்கு ஏறத்தாழ 4,000 பேர் அமைதியாகப் பெருகிக்கொண்டு வந்ததாக ஒரு சாந்தமான சித்திரம் கிடைக்கும். அந்தக் காலத்திலே ஜனங்கள் கலவரங்களால் ஊர் பெயர்ந்ததும், கடல் கடந்ததும், 2004 ஆழிப்பேரலையும், 2006இல் மூதூரிலும் சம்பூரிலும் நிகழ்ந்த இடப்பெயர்வும் அந்தக் கோட்டின் நேர்மையில் மறைந்துபோயின.

இது வெறும் ஊகமன்று. 2007இல் கிழக்கு மாகாணத்திற் சிறப்பாக ஒரு கணக்கெடுப்பு நிகழ்ந்தது. அதில் திருகோணமலை மாவட்டத்துக்குக் கிடைத்தது ஏறத்தாழ 3,34,000. நேர்கோட்டின்படி அவ்வாண்டு இருக்கவேண்டியது ஏறத்தாழ 3,59,000. இருபத்தையாயிரம் பேர் கோட்டில் உண்டு, மாவட்டத்தில் இல்லை. பின்னர் 2012க்குள் ஐந்தே ஆண்டில் 45,000 பேர் கூடியதைப் பிறப்பினால் மட்டும் விளக்க இயலாது. பெயர்ந்தவர்களின் மீள்வரவும் அதில் உண்டு. நடுவிலே ஒரு புள்ளி கிடைத்தவுடன் முப்பதாண்டின் கதையே வேறாகிவிட்டதைக் கவனிக்கவேண்டும். புள்ளிகளைக் காட்டாமற் கோட்டை மட்டும் வழவழப்பாக வரைந்திருக்கும் வரைபை நான் அடியோடு நம்புவதில்லை.

இம்மாவட்டத்தின் இன விகிதாசாரம் பற்றிய வரைபுகள் தேர்தல் காலந்தோறும் தலைநீட்டுகின்றன. அவற்றை வாசிக்க ஒரு குறிப்பு. 1881இல் மாவட்டத்தின் மொத்தத் தொகையே ஏறத்தாழ 22,000. அதில் தமிழர் மூன்றில் இரண்டு பங்கை நெருங்கியிருந்தனர். 2012இல் மூன்றில் ஒரு பங்குக்குக் குறைந்தனர். ஆனால் அவர்களுடைய தொகை பன்மடங்கு பெருகியிருந்தது. விகிதத்தை வரைபவர் வீழ்ச்சியைக் காட்டுவார், தொகையை வரைபவர் எழுச்சியைக் காட்டுவார். அவரவர் விரும்பும் முடிவுக்கேற்ற அச்சு ஆயத்தமாக இருக்கிறது. குடியேற்றத் திட்டங்களால் நேர்ந்த மாற்றத்தை அறிய விரும்புபவருக்கு விகிதமே உரிய கருவி என்பது என் எண்ணம்; பள்ளிக்கூடமும் ஆஸ்பத்திரியும் எத்தனை வேண்டும் என்று திட்டமிடுபவருக்குத் தொகையே வேண்டும். இதனோடு, இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிவு 1911இலேதான் குடிசன மதிப்பிற் புகுந்தது என்பதையும் மறவாதிருக்க வேண்டும். அதற்கு முந்திய எண்ணையும் பிந்திய எண்ணையும் ஒரே கோட்டில் நிறுத்துபவர், இரு வேறு கேள்விகளுக்குக் கிடைத்த விடைகளை ஒன்றாக்குகிறார்.

சராசரியும் காரணமும்

திருகோணமலையின் ஆண்டு மழை ஏறத்தாழ 1,600 மில்லிமீற்றர்; பன்னிரண்டால் வகுத்தால் மாதத்துக்கு 133. அந்த 133ஐ நம்பி ஜூன் மாதத்தில் விதைப்பவரைப் பைத்தியம் என்போம், ஏனெனில் அம்மாதத்து மழை பொதுவாக அதில் நான்கிலொரு பங்கு அளவே. ஆண்டு மழையிற் பாதிக்கு மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டிவிடுகிறது. அத்துடன், துறைமுகத்து நிலையம் அளந்த மழை, நாற்பது கிலோமீற்றர் உள்ளே கிடக்கும் குளத்தின் மழையன்று. குளமோ தன் மழையை மட்டும் நம்பியதுமன்று. 1976இல் பொல்கொல்லையில் மகாவலி திசைதிருப்பப்பட்டபின், மின்னேரியா, கவுடுல்ல குளங்களின் தொடரில் கந்தளாயும் அந்த நதியின் நீரைப் பெறுகிறது. உள்ளூர் மழையையும் குளத்து நீர்மட்டத்தையும் ஒரே தாளில் வரைந்து இரண்டும் ஒத்துப்போகவில்லையே என்று திகைப்பவர், மத்திய மலைநாட்டில் பெய்த மழையைக் கணக்கிற் சேர்க்கவில்லை.

நோய்களின் எண்ணிக்கையில், இவ்வாறு கணக்கில் விடுபடும் காரணத்தைக் காண்பது இன்னும் நுட்பமானது. 1990களில் வடமத்திய மாகாணத்தில் முதலிற் கவனிக்கப்பட்ட, காரணம் திட்டமாகத் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய், நம் மாவட்டத்திற் பதவிசிறிபுரம் வரை பரந்து காணப்படுகிறது. ஓராண்டில் நோயாளர் தொகை இரட்டித்தது என்ற வரைபைக் கண்டால், நோய் இரட்டித்ததா, அல்லது இரத்தப் பரிசோதனை முகாம்கள் இரட்டித்தனவா என்று கேட்கவேண்டும். பரிசோதித்தவர் தொகையைச் சொல்லாமற் கண்டுபிடித்த தொகையை மட்டும் சொல்லும் வரைபு அரை வரைபே.

சந்தேகத்தின் எல்லை

இவ்வளவும் படித்தபின், எண்கள் எல்லாமே புரட்டு என்ற விரக்தி தோன்றுமானால், இந்த அத்தியாயம் கெடுதலையே செய்ததாகும். புள்ளிவிபரத்தால் எவ்வாறு பொய் சொல்வது என்பதை விளக்கி 1954இல் டாரெல் ஹஃப் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் எழுதிய சிறு நூல் உலகெங்கும் பேர்பெற்றது. இந்தத் துறையில் அதைவிட மிகுதியாக விற்ற நூல் அரிது. அதே ஹஃப், சிகரெட் பெட்டிகளில் எச்சரிக்கை அச்சிடுவது பற்றி 1965இல் அமெரிக்கக் காங்கிரசு விசாரித்தபோது, புகையிலைக் கம்பெனிகளுக்குச் சார்பாகத் தோன்றி, புகைப்பதையும் நோயையும் தொடர்புபடுத்திய ஆராய்ச்சிகளின் மேல் ஐயத்தைக் கிளப்பினார். எந்த எண்ணையும் சந்தேகிக்கக் கற்றவருக்கு வேண்டாத எண்ணை மட்டும் சந்தேகிப்பது எத்துணை எளிது! எதிர்க்கட்சிக்காரர் காட்டும் வரைபுக்குக் கேட்கும் அதே கேள்விகளை நம் கட்சிக்காரர் காட்டும் வரைபுக்கும் அதே ஒழுங்கிற் கேட்பதே இதற்கு நான் அறிந்த ஒரே மாற்று.

பயிற்சி

பத்திரிகையில் ஒரு வரைபைக் கண்டால், தலைப்பைக் கையால் மறைத்துக்கொண்டு இரு அச்சுகளையும் அலகையும் முதலில் வாசித்து, ‘இன்னார், இந்த ஆண்டில், இந்த இடத்தில், இதனை எண்ணினார்’ என்று ஒரு வாக்கியத்தைக் கொப்பியில் எழுதுக. அந்த வாக்கியத்தை நிரப்ப முடியாவிட்டால் மேலே செல்லவேண்டாம். நிரப்ப முடிந்தால், மேற்கூறிய நெல் உற்பத்தித் தொகைகளைச் சதுரக்கோட்டுத் தாளில் ஒருமுறை பூச்சியத்திலிருந்தும் ஒருமுறை 20 இலட்சத்திலிருந்தும், ஒருமுறை 2015இலிருந்தும் ஒருமுறை 2017இலிருந்தும் வரைந்து பழகிக்கொண்டு, பத்திரிகையிற் கண்ட வரைபையும் அவ்வாறே தொடக்கத்தை மாற்றி வரைந்து பார்க்க. சதவீதமாகத் தந்ததைத் தொகையாகவும், தொகையாகத் தந்ததைச் சதவீதமாகவும் மாற்றி எழுதுக. பின்னரே கையை எடுத்துத் தலைப்பை வாசிக்க.

வரைபே இல்லாத இடத்திலும் இதைச் செய்யலாம். அடுத்த பெரும்போகத்தைத் தீர்மானிக்கும் கமக்காரர் கூட்டத்திலே, குளத்தின் நீர்மட்டத்தை அடியிற் சொல்லும் உத்தியோகத்தரிடம் அதன் ஏக்கர்-அடிப் பெறுமானத்தையும், அதில் துருசுக்குக் கீழே தங்குவது எவ்வளவு என்பதையும், அளந்த திகதியையும் மரியாதையோடு கேட்டு எழுதிக்கொள்க. தங்குவதைக் கழித்து, எஞ்சியதை அன்று விதைக்கத் தீர்மானித்த ஏக்கர்களால் வகுத்தால், குளத்தில் இருப்பு உள்ள நீர் ஏக்கருக்கு எத்தனை அடி வரும் என்பது கிடைக்கும். அதுவும் ஒரு சராசரியே. வாய்க்காலிற் கசிவதும் வெயிலில் ஆவியாவதும் இன்னும் கழியவில்லை, இனி வரும் மழையும் மகாவலி நீரும் இன்னும் சேரவில்லை. போகம் முடிந்தபின், வாய்க்காலின் தலைப்பில் வயல் உள்ள ஒருவரிடமும் கடைசியில் வயல் உள்ள ஒருவரிடமும் தத்தமக்கு எத்தனை முறை நீர் வந்தது என்று தனித்தனியே கேட்டு, அவ்விரு விடைகளையும் அந்தச் சராசரிக்குப் பக்கத்தில் எழுதி வைக்க.